நூற்றியொன்றாவது கண்ணி

அந்த வியாழக்கிழமை மத்தியான ஆட்டத்தில் இருந்தவர்கள்: கம்பெனி முதலாளி தாண்டவராயன். டிக்கெட் கிழிக்கும் காசியம்மாள், முதலாளியின் அக்கா. தகரக் குழாயை வாயில் வைத்து ஆள் கூப்பிடும் ராஜாங்கம். சுவரில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் பவுனு. ஃபிட்டர் மாசிலாமணி, அதாவது நான். மேலே பலகை மேடையில் நூற்றைம்பது பேர் இருக்கலாம். அவர்களில் ஒருவருக்கும் தாங்கள் பார்த்தது என்னவென்று தெரியாது.

பவுனு சுவரில் ஏறி எட்டாவது சுற்றில் இருந்தாள். ‘டக்’கென்று ஒரு சத்தம். என்ஜின் ஒரு கணம் வெறுமனே கத்தியது. வண்டி சுவரிலேயே நாலடி சறுக்கியது. அப்புறம் செயின் பல்லைப் பிடித்துக்கொண்டது. அவள் மேலே ஏறினாள், இரண்டு சுற்று சுற்றினாள், இறங்கினாள். ஜனங்கள் விசில் அடித்தார்கள். அதுவும் வித்தையில் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள்.

போஸ்டரில் மரணக் கிணறு என்று போட்டிருக்கும். விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் மைதானத்தில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். அதில் ஒரு மூலை எங்களுடையது. நிற்கவைத்த பலகைகளால் வட்டமாகக் கட்டிய சுவர், உயரம் பதினாறு அடி. அடியில் கொஞ்சம் சரிவு. சரிவில் வேகம் பிடித்து வண்டி சுவருக்குத் தாவும். வேகம் இருக்கும்வரை சுவர் வண்டியைத் தாங்கும். அந்த வேகத்தை என்ஜினிலிருந்து பின் சக்கரத்துக்குக் கொண்டுபோவது ஒரே ஒரு செயின். அது மேலே அறுந்தால் ஓட்டுகிறவள் கீழே. இதில் புரியாதது ஒன்றுமில்லை.

பவுனு வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அவள் பொம்மையார்பாளையத்துக் கடற்கரைக்காரி. வந்தது கம்பெனிக்குச் சோறாக்க. முதலாளியின் தம்பி பெரியதம்பி விழுந்து இடுப்பெலும்பு உடைந்த பிறகு, ஓட்ட ஆள் இல்லாமல் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்த நாளில், நான் ஏறிப் பார்க்கிறேன் என்றாள். கட்டுமரத்தில் நின்றவளுக்குச் சாய்ந்து நிற்கப் பயமில்லை. அது நடந்து நாலு வருஷம்.

“மொதலாளி, செயினு தாண்டுது.”

“தாண்டுனாலும் புடிச்சிக்கிச்சில்ல,” என்றார் முதலாளி, வாசலுக்கு வெளியே நின்றபடியே.

“அடுத்த வாட்டி புடிக்கலன்னா?”

ராஜாங்கம் குழாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தான். “அத்த அப்படியே தெனம் பண்ணு தங்கச்சி. ‘விழுந்து எழும் வீராங்கனை’ன்னு கத்துறேன். கூட்டம் பிச்சிக்கினு வரும்.”

“நீ ஏறி வுழு. நான் கத்துறேன்.”

“எனக்கு இடுப்பு ஒண்ணுதான் இருக்குது.”

“எனக்கு இன்னா ரெண்டா இருக்குது?”

நான் வண்டியைக் கவனித்தேன். பின் பல்சக்கரத்தின் கடைசியில் செயினைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தேன். முக்கால் பல் வெளியே தெரிந்தது. நல்ல செயின் இழுபடாது. பற்கள் எல்லாம் பூனை நகம் மாதிரி ஒரு பக்கம் வளைந்திருந்தன. முன்னால் என்ஜின் பக்கம் இருக்கிற சின்னப் பல்சக்கரம் இதைவிட மோசம்.

“செயினு, முன் பல்லு, பின் பல்லு, மூணும் மாத்தணும்,” என்றேன்.

“செயின மாத்து. பல்லு கெட்டி இரும்பு. இரும்பு எங்க போவும்?”

“தேஞ்ச பல்லுல புது செயினப் போட்டா ஒரு மாசத்துல அதுவும் இப்படித்தான் ஆவும். அதுக்கு முன்னாடியே தாண்டும்.”

காசியம்மாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “ஏன்டா, ஆடிப்போன பல்லுக்காரனுக்குப் புது முறுக்கு வாங்கித் தந்தா இன்னாடா பிரயோசனம்? அந்தப் பொண்ணு உசிரு. மூணையும் மாத்து.”

அக்கா பேசினால் அவர் மறுத்துப் பேசமாட்டார். தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்து விரலை நீட்டினார். “கண்ணி நூத்தியொண்ணு இருக்கணும். கொறையக் கூடாது, ஏறக் கூடாது.”

இதைச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. தாண்டவராயன் எதையும் முழுசாக முடிக்கமாட்டார். மொய் எழுதினாலும் மேலே ஒன்று வைக்கிறோம் இல்லையா, அதே கணக்கை எல்லாவற்றிலும் வைத்திருந்தார். சுவரில் பலகை எண்பத்தொன்று. மேடைக்கு ஏறும் படி இருபத்தொன்று. வாசலில் விளக்கு ஐம்பத்தொன்று. செயினில் கண்ணி நூற்றியொன்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் ஆட்டத்துக்கு முன் கைவிரலில் விபூதியைத் தொட்டுக்கொண்டு ஒரு கண்ணியில் பொட்டு வைப்பார். அங்கே ஆரம்பித்துச் செயின் முழுக்க வாய்விட்டு எண்ணுவார். நூற்றியொன்று வந்தால்தான் கூட்டத்தை உள்ளே விடுவார்.

இடையூறு என்னவென்றால், செயினில் ஒற்றைப்படை வராது. ஒரு கண்ணி அகலம், அடுத்தது ஒடுக்கம், மறுபடி அகலம். இப்படியே மாறி மாறிப் போகும். இரண்டு முனையும் சேர வேண்டுமானால் இரட்டைப்படையாகத்தான் இருக்க வேண்டும். ஒன்று கூட்டவேண்டுமானால் ஒரு தலை அகலம், ஒரு தலை ஒடுக்கமாக இடுப்பை வளைத்த கண்ணி ஒன்றைச் சொருக வேண்டும். அரைக்கண்ணி என்போம். வளைந்த இடத்தில்தான் இழுவை முழுவதும் விழும்.

தீபாவளிக்கு முன் நான் இந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது பழைய அரைக்கண்ணி தேய்ந்திருந்தது. புதிதாக ஒன்று போடச் சொன்னார். போட்டேன். அது தப்பு என்று எனக்குத் தெரியும். விழுப்புரம் லோக்கோ ஷெட்டில் ஆறு வருஷம் ராத்திரி ஷிப்டில் இருந்தவன் நான். ராத்திரி கண் விழித்து, பகலில் தூங்க முடியாமல், ஒரு நாள் பாதி ஷிப்டில் சுத்தியலை வைத்துவிட்டு வெளியே வந்தவன். திரும்பப் போகவில்லை. வேறு யாரும் வேலை தரவில்லை. தாண்டவராயன் தந்தார். அதனால் வாயைத் திறக்கவில்லை. இதற்கு வேறு காரணம் ஏதும் கிடையாது.

வெள்ளிக்கிழமை வண்டி ஓடாது என்று பலகையில் எழுதி மாட்டிவிட்டு, நானும் பவுனுவும் திண்டிவனத்துக்குக் காலை ரயில் ஏறினோம். யுத்தம் முடிந்து முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை. சீமையிலிருந்து உதிரிச் சாமான் எதுவும் வருவதில்லை. பட்டாளம் ஏலம்விட்டதை வாங்கிக் குவித்து வைத்திருந்தவர்களிடம்தான் கிடைக்கும். அப்படி ஒருவர் திண்டிவனத்தில் இருந்தார். நான் மட்டும் போனால் போதும் என்றார் முதலாளி. பவுனு கேட்கவில்லை. “மேல ஏறுறது நானு. நான் பாத்துத்தான் எடுப்பேன்.”

கழற்றிய செயினையும் இரண்டு பல்சக்கரத்தையும் கோணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டாள். பேரணியில் அவித்த மல்லாட்டைக் கூடையோடு ஒரு அம்மாள் ஏறி எதிரில் உட்கார்ந்தாள்.

“மூட்டைல இன்னா பொண்ணே, இந்த கனம் கனக்குது?”

“பல்லு.”

“யாரு பல்லு?”

“வண்டிப் பல்லு.”

“மாட்டு வண்டியா?”

“பட்பட்டி.”

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “ஆம்பள நீ சும்மா குந்திக்கினு வர்ற. அது மடில சொமக்குது.”

“அவரு கிட்ட குடுத்தா பயமா இருக்குது,” என்றாள் பவுனு. சும்மா சொன்னதுதான். எனக்குச் சுருக்கென்றது.

மயிலம் தாண்டும்போது அவள் உதட்டை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று ஒரே சுருதியில் முனகிக்கொண்டு வந்தாள். என்ன என்று கேட்டேன்.

“செவுத்துல சரியான உசரத்துல வண்டி இப்படித்தான் கத்தும். இதுக்குக் கீழ எறங்குனா நான் எறங்குறேன்னு அர்த்தம். மேல போனா செவுத்து உச்சில போட்ட எல்லைக் கோட்டத் தாண்டப் போறேன்னு அர்த்தம். சுத்தும்போது கண்ணு ஒண்ணும் பாக்காது, அண்ணே. காதுதான்.”

“பல்லு மாத்துனா சத்தமும் மாறும்.”

“தெரியும். அதான் நேர்ல வர்றேன்.”

செஞ்சி ரோட்டில் சாமான் வியாபாரி விருத்தாசலத்தின் தகரக் கொட்டகை இருந்தது. அவர் பட்டாளத்து மோட்டார் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். கொட்டகைக்குள் இரும்புத் தொப்பி, கித்தான், ஜீப்பு டயர், பெயர் தெரியாத தகர டப்பாக்கள். நடுவில் அவர் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கோணியை அவிழ்த்தார்.

பழைய செயினை எடுத்தார். தட்டையாகப் பிடிக்காமல் பக்கவாட்டில் திருப்பி இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கினார். அது வில் மாதிரி நடுவில் தொங்கியது. “பாத்தியா? நல்ல செயினு பக்கவாட்டுல வெறச்சிக்கினு நிக்கும். இது கயிறு.”

பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே கண்ணி கண்ணியாக விரலுக்குள் ஓட்டினார். ஓரிடத்தில் நிறுத்தினார். மறுபடி துடைத்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

“இங்க வா.”

அரைக்கண்ணி. வளைவில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. பாதித் தகட்டுக்கு மேல் ஓடியிருந்தது.

“இத்தப் போட்டவன் எவன்?”

“நான்தான்,” என்றேன்.

“இது இன்னாத்துக்கு வச்சிருக்கான்னு தெரியுமா? வழில செயினு அறுந்து நின்னா, இத்தச் சொருகிக்கினு மெதுவா ஊடு வந்து சேர்றதுக்கு. ஊடு வர்றதுக்கு மட்டும். இத்தப் போட்டுக்கினு இந்தப் பொண்ண செவுத்துல ஏத்துனியா?”

“ஆமாங்க.”

“தெரியாமப் போட்டியா?”

“தெரிஞ்சுதான் போட்டேன். மொதலாளிக்கு நூத்தியொண்ணு வேணும்.”

விருத்தாசலம் கூழை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். பவுனு செயினை வாங்கி அந்தக் கோட்டின்மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தாள். நகம் மாட்டியது.

“எப்பலேந்து இது இருக்குது?”

“தீபாவளிக்கு முந்தியிலேந்து.”

“தெனம் மூணு ஆட்டம்.”

“ஆமா.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் செயினைச் சுருட்டிக் கோணியில் போட்டுவிட்டு, “புதுசக் காட்டுங்க,” என்றாள் அவரிடம்.

இரண்டு செயின் இருந்தன. ஒன்று பளபளவென்று வெளியே ஆணியில் தொங்கியது. இன்னொன்று மெழுகுத் தாளில் சுற்றி, கறுப்பு கிரீஸ் அப்பிய நிலையில் டப்பாவுக்குள் கிடந்தது. விருத்தாசலம் இரண்டையும் அவள் முன்னால் போட்டார். இவளுக்கு என்ன தெரியும் என்று பார்க்க நினைத்திருக்க வேண்டும். பவுனு பளபளப்பை எடுத்து ஒரு முனையைப் பிடித்துக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டினாள். கறகறவென்றது. கறுப்பை எடுத்து ஆட்டினாள். சத்தமே இல்லை.

“இதுல மண்ணு இருக்குது. அது வாணாம்.”

“மண்ணு இல்ல, உள்துரு,” என்றார் அவர். “யாரும்மா உனக்குச் சொன்னது?”

“யாரும் சொல்லல. சத்தம் வருதே.”

கறுப்பைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். விறைத்து நின்றது. முன் பல்சக்கரம் பத்தொன்பது பல்லில் அச்சாக அதே மாதிரி கிடைத்துவிட்டது. சிக்கல் பின்னால். பழையது நாற்பது பல். நாற்பது அவரிடம் இல்லை. கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருந்த இருபது சக்கரங்களில், எங்கள் வண்டியின் போல்ட்டுத் துளைக்குப் பொருந்தியவை இரண்டுதான். ஒன்று முப்பத்தெட்டு. மற்றது நாற்பத்துமூன்று.

“முப்பத்தெட்ட எடுத்துக்கோ,” என்றார். “வண்டி பறக்கும். என்ஜினு அலட்டிக்காது. எல்லாரும் அதான் கேப்பான்.”

“நாப்பத்திமூணு போட்டா?”

“இழுவை ஜாஸ்தி. வேகம் கம்மி. என்ஜினு கெடந்து கத்தும்.”

பவுனு இரண்டு சக்கரத்தையும் பக்கத்துக்கு ஒன்றாக மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். நான் ஓரமாக நின்றேன். எனக்கு ஒரு பதில் தெரியும், ஆனால் அன்றைக்கு நான் சொன்னால் அவள் எடுப்பாளா என்பது தெரியாது.

“அண்ணே,” என்றாள். அப்போதுதான் முதல்முறை என் பக்கம் திரும்பினாள். “நேத்து நாலடி எறங்குனேனே. திரும்ப மேல இழுத்தது எது?”

“இழுவைதான்.”

“முப்பத்தெட்டு இருந்திருந்தா?”

“திணறியிருக்கும். கீழ சரிவு வரைக்கும் வந்திருப்ப.”

“கெணத்துக்குள்ள பறந்து எங்க போவப் போறேன்? சுத்தித்தான வரணும்.” முப்பத்தெட்டைத் தள்ளி வைத்தாள். “நாப்பத்திமூணு போதும்.”

விருத்தாசலம் சிரித்தார். “சரியான ஆளும்மா நீ. இன்னொண்ணு கேளு. பல்லு ஒத்தப்படை, செயினு ரெட்டப்படை இருந்தா, ஒரு பல்லு திரும்பத் திரும்ப ஒரே கண்ணியக் கடிக்காது. எல்லாத்துமேலயும் சமமாத் தேயும். நாப்பது பல்லுல அது வராது.”

நான் கொண்டுபோயிருந்த அளவுக் குச்சியை வைத்து அவர் கணக்குப் போட்டார். நாற்பத்துமூன்றுக்குச் செயின் நூற்றிரண்டு கண்ணி. பின் சக்கரத்தைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினால் அளவெடுத்ததுபோல் உட்காரும்.

“நூத்தி ரெண்டு,” என்றேன் நான்.

“நூத்தி ரெண்டுதான். நூத்தியொண்ணு வேணும்னா திரும்ப அந்த வளஞ்ச சனியனத்தான் சொருவணும். எங்கிட்ட நாலு இருக்குது. தரமாட்டேன்.” அவர் தாடையைச் சொறிந்தார். “உங்க மொதலாளி எண்ணுவாரு, அதான பேஜாரு? பூட்டுற கண்ணி ஒண்ணு இருக்குதே, கிளிப்பு போட்டது. அது பூட்டு, அது கணக்குல வராதுன்னு சொல்லிப்புடு. முடிஞ்சிது.”

நல்ல யோசனை. நான் அதையே பிடித்துக்கொள்ளலாம் என்று பவுனுவைப் பார்த்தேன்.

“வாணாம்,” என்றாள். “எல்லாரும் எனக்குத் தெரியாம ஒண்ணு பண்ணி வச்சிக்கினீங்க. நான் அவருக்குத் தெரியாம ஒண்ணு பண்ணணுமா? எண்ணட்டும்.”

திரும்பும் ரயிலில் கூட்டம். நின்றுகொண்டு வந்தோம். கோணியை என்னிடம் கொடுத்தாள். விக்கிரவாண்டி வந்தது. அப்புறம், “நாளைக்கு நீ அவருகிட்ட அந்தக் கண்ணியக் காட்டணும். நான் காட்டுனா பொம்பள பயந்துட்டான்னு சொல்லுவாங்க,” என்றாள். காட்டுகிறேன் என்றேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் மூன்றையும் மாட்டிவிட்டேன். பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும், அதனால் ஒத்திகை என்று எதுவும் கிடையாது. நான் முதலாளியைக் கேட்காமலே எடுத்து ஊற்றினேன். பவுனு சரிவில் மட்டும் பத்து சுற்று சுற்றினாள். என்ஜின் சத்தம் முன்னைவிட மெல்லிசாக, உயரத்தில் நின்றது. அவள் முகம் சுளித்துக்கொண்டே ஓட்டினாள். சுவரில் மூன்றடி ஏறினாள், இறங்கினாள். மறுபடி ஏறினாள். நாலாவது தடவை முகம் நேரானது. வண்டியை நிறுத்திவிட்டு அந்தப் புதுச் சத்தத்தை மூக்கால் முனகினாள். இரண்டு தடவை தப்பாக வந்து, மூன்றாவது தடவை சரியாக வந்தது.

மத்தியானம் கூட்டம் மேடையில் ஏறிவிட்டது. வழக்கத்துக்கு மாறாக அன்று முதலாளி கூட்டத்தை விட்ட பிறகுதான் எண்ண வந்தார். ஒரு நாள் ஓடாமல் நின்றதால் ஜனம் நெருக்கியது, காசியம்மாள் திறந்துவிட்டாள். வண்டியைக் கிணற்று வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தேன். தாண்டவராயன் விபூதியைத் தொட்டுப் பொட்டு வைத்தார். குந்தி உட்கார்ந்தார். நான் சக்கரத்தை மெதுவாக உருட்டினேன்.

தொண்ணூறு வரைக்கும் சாதாரணமாக எண்ணினார். அப்புறம் குரல் இறங்கியது. “நூறு. நூத்தியொண்ணு.” பொட்டு இன்னும் வரவில்லை. விரல் ஒரு கண்ணியின்மேல் நின்றது. எண்ணினது தப்போ என்று என்னைப் பார்த்தார்.

“நூத்தி ரெண்டு, மொதலாளி,” என்றேன்.

“ஒண்ணு எடு. வளஞ்சதப் போடு.”

“போடமாட்டேன்.”

அவருக்கு அது புதுசு. நான் சட்டைப் பையிலிருந்து பழைய அரைக்கண்ணியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். கோட்டைக் காட்டினேன். “இது நான் போட்டது. தெரிஞ்சே போட்டேன். பாதி அறுந்துடுச்சி. முந்தாநாளு இல்லன்னா அடுத்த வாரம் முழுசா அறுந்திருக்கும். ஒத்தப்படைக்காக வச்ச கண்ணிதான் இது. மிச்சம் நூறும் தேஞ்சிதான் இருந்துச்சி, ஆனா ஒண்ணுகூட வெடிக்கல.”

அவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். மேலே ஜனங்கள் பலகையைக் காலால் உதைக்க ஆரம்பித்தார்கள். ராஜாங்கம், “இதோ, இன்னும் அஞ்சே நிமிசம்,” என்று குழாயில் கத்தினான்.

“பெரியதம்பி வுழுந்தன்னைக்கு எண்ணினேன்,” என்றார். “கரெக்டா நூறு.”

“அன்னைக்கு செயினா அறுந்துச்சி?” என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே தெரியாது.

பதில் சொன்னது காசியம்மாள். “டயரு வெடிச்சிச்சி. அவனத் தூக்கிக்கினு ஆசுபத்திரிக்குப் போயிருக்காங்க. இவன் இங்க குந்திக்கினு ஒவ்வொண்ணா எண்றான். பலகைய எண்றான், படிய எண்றான், ஆணிய எண்றான். விடியற வரைக்கும் எண்ணி, கடைசில செயினு நூறு, அதான் காரணம்னு எழுந்தான். பெரியதம்பியே சொல்லிட்டான் டயருன்னு. கண்டமங்கலத்துல மாமனார் ஊட்ல குந்திக்கினு இன்னைக்கும் சொல்லிக்கினு இருக்கான்.”

“நீ சும்மா இரு, அக்கா.”

“நாலு வருசமா சும்மாத்தான் இருக்கேன்.”

பவுனு வண்டியின் மறுபக்கம் நின்றாள். தலைமுடியைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். “மொதலாளி, பின்பல்லு நாப்பத்திமூணு. அது ஒத்தப்படதான்.”

“பல்லு வேற, செயினு வேற. உசிரு செயின்ல தொங்குது.”

“என் உசிருதான?”

“அதுக்குத்தான சொல்றேன்,” என்றார். அதைச் சொல்லிவிட்டுக் கிணற்று வாசலுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார். அதுவரை அவரை நான் கஞ்சன், பிடிவாதக்காரன் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் பயந்துகொண்டிருந்தார். தினம் மூன்று ஆட்டம், நாலு வருஷம், அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றிருக்கிறார். தம்பி விழுந்த பிறகு ஒரு தடவைகூடக் கிணற்றுக்குள் கால் வைத்ததில்லை. என்ஜின் சத்தம் கேட்டால் டிக்கெட் கூண்டுக்குப் பின்னால் போய்விடுவார். நாங்கள் அதைப் பீடி குடிக்கப் போகிறார் என்று நினைத்தோம்.

“ஆட்டம் கெடையாது,” என்றார். “ஜனத்த அனுப்பிடு, ராஜாங்கம்.”

“மொதலாளி, இருநூத்தம்பது பேரு இருக்காங்க. ஒடச்சிடுவானுங்க.”

“ஒடைக்கட்டும்.”

பவுனு வண்டியைச் சுற்றி அவர் பக்கம் வந்தாள். “ஒத்தப்படைக்கு ஒண்ணுதான கொறையுது? நீங்க உள்ள வந்து நில்லுங்க. நடுவுல. நூத்தி ரெண்டு கண்ணி, மேல நீங்க ஒண்ணு.”

யாரும் சிரிக்கவில்லை. ராஜாங்கம்கூட.

“நான் உள்ள வர்றதில்ல.”

“தெரியும்.”

“தெரிஞ்சுக்கினே கூப்புட்றியா?”

“நான் தெனம் போறேன் இல்ல? பயமில்லாமலா போறேன்? நேத்து அந்தக் கண்ணியப் பாத்துட்டு ராத்திரி சோறு எறங்கல. இன்னைக்கு இந்த செயினு நல்ல செயினு. நானே ஆட்டிப் பாத்து எடுத்தது. சத்தம் மட்டும்தான் புதுசு. உள்ள ஒரு ஆளு நின்னா எனக்குத் தெம்பா இருக்கும். வேற யாரும் வாணாம். நீங்க வாங்க.”

“வுழுந்தா என்மேல வுழுவ.”

“வுழமாட்டேன்.”

“எப்படிச் சொல்ற?”

“சொல்ல முடியாது. வுழக் கூடாதுன்னுதான் இந்த செயினு.”

தாண்டவராயன் அரைக்கண்ணியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். மேலே உதைக்கிற சத்தம் தாளமாக மாறிவிட்டது. அவர் கண்ணியை அக்காவிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி டிக்கெட் கட்டோடு இடுப்பில் சொருகிக்கொண்டாள். அவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். வாசல்படியில் ஒரு கால் வைத்தார். அந்தக் கால் நின்றது. பிறகு மற்றதும் உள்ளே போனது.

“டேய், கண்ண மூடிக்கினு நிக்காத,” என்றாள் காசியம்மாள். “தல சுத்தும். ஒரு எடத்தப் பாத்துக்கினு நில்லு.”

“எந்த எடத்த?”

“அவ மூஞ்சப் பாரு.”

நான் வண்டியை உள்ளே தள்ளிக் கொடுத்தேன். பவுனு ஏறுவதற்கு முன் குனிந்து செயினை விரலால் ஒரு தடவை தூக்கிப் பார்த்தாள். அரை அங்குலம் ஆடியது. சரி என்று என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அதற்குமேல் அவளிடமிருந்து எதிர்பார்க்க எனக்கு உரிமையில்லை. முதலாளி வட்டத்தின் நடுவில் போய்க் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்ததும் மேலே உதைப்பது நின்றுவிட்டது. என்ஜின் பிடித்தது. மெல்லிசான அந்தப் புதுச் சத்தம்.

கிணற்றுக் கதவும் சுவரில் ஒரு துண்டுதான். அது சுவரோடு சுவராக உட்கார்ந்தால்தான் வண்டி அதன்மேல் ஓட முடியும். நான் வெளியே வந்தேன். உள்ளே நிற்கிறவர் திரும்பி என்னைப் பார்த்தார். கதவை இழுத்துச் சாத்தினேன். இரும்புப் பட்டையைக் குறுக்கே போட்டுப் பூட்டினேன்.